பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு

வெள்ளிவிழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு கழகத்தார் நம்மைக் கேட்டுக்கொண்டனர். அண்ணல் அம்பேத்கர், அயோத்திதாசப் பண்டிதர், இரட்டைமலை சீனிவாசனார் ஆகியோரின் வரலாறுகளை நம் இளைஞர் ஓரளவு அறிவர். மாலை நேரத்தில் திருத்தணி மலையடிவாரத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளைக் கண்டபோது, ஆடுகளத்திலிருந்து எழுந்த ஒருவரைப் பற்றி எழுதுவதே தகும் என்று நமக்குத் தோன்றிற்று. அவர்தாம் பல்வங்கர் பாலு.

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில், தோல் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் இராணுவத்தில் பணியாற்றியமையால் குடும்பம் பூனாவில் வாழ்ந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் கழித்துவிட்ட பந்தும் மட்டையுமே பாலுவுக்கும் அவர்தம் தம்பியர் சிவராம், கண்பத், விட்டல் ஆகியோருக்கும் விளையாட்டுக் கருவிகளாயின. பாலு முதலில் பார்சிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளையிட்டுச் சமன்செய்யும் வேலைக்கு மாதம் 3 ரூபாய் ஊதியத்தில் அமர்ந்தார். பின்னர் ஐரோப்பியரின் பூனா ஜிம்கானாவுக்கு மாறினார். அங்கே கோடு கிழிப்பதும் வலை கட்டுவதும் அவர் கடமை. துரைமார் மட்டை பிடித்துப் பழகுவதற்குப் பந்து வீசுவதும் அவர் கடமையே. கிரெய்க் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர், தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறைக்கும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று சொல்வர். நாள்தோறும் மணிக்கணக்காக வீசி வீசி அவருடைய இடக்கை மெதுவீச்சு கூர்மை பெற்றது. மட்டை பிடிக்க மட்டும் அவருக்கு ஒருமுறையும் வாய்ப்புத் தரவில்லை. அது துரைமாருக்குரிய செயல் என்று கருதப்பட்டது.

ஐரோப்பியரை வெல்ல விரும்பிய பூனா இந்துக்கள் அவரைத் தம் அணியில் சேர்ப்பதா வேண்டாவா என்று வாதிட்டு, முடிவில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்கு மட்டும் கூடத்திற்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர் வந்தது. உணவும் தனி இலையில், தனி இடத்தில்.

இவ்விடத்தில் நம் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. நாம் கல்லூரியில் பயின்ற நாளில் கால்பந்து அணியில் ஒரு பருவம் முழுவதும் ஆடினோம். அவ்வாண்டு அணிக்கு மிகுதியான கோல்களை அடித்தவர் நம் சமூகத்து நண்பர் ஒருவர். மறு ஆண்டுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அவர் பெயரை எவரும் எடுக்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை. பாலுவின் வரலாற்றைப் பிற்காலத்தில் படித்தபோது அந்த நண்பரின் முகமே நம் கண்முன் நின்றது.

பூனாவில் பிளேக் நோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய்க்குச் சென்று, இரயில்வேயில் பணிபுரிந்துகொண்டே அந்நகர இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். 1906-ஆம் ஆண்டு ஐரோப்பியருக்கு எதிரான ஆட்டத்தில் இந்து அணி 109 ஓட்டங்களில் வென்றது. அவ்வெற்றியில் பாலுவின் பங்கு 8 விக்கெட்டுகள். பூனாவில் மண்குவளை; பம்பாயிலோ உயர்சாதி ஆட்டக்காரரோடு ஒரே மேசையில் உணவு. வெற்றியின் வலிமை அத்தகையது!

அவருடைய ஆற்றலை உலகம் கண்ட பருவம் 1911-ஆம் ஆண்டின் இங்கிலாந்துப் பயணமாகும். பாட்டியாலா மகாராஜா தலைவர். அவரோ ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா விருந்துகளில் ஈடுபட்டு, சில ஆட்டங்களிலேயே களமிறங்கினார். இந்திய அணி ஆடிய 23 ஆட்டங்களில் 15-இல் தோற்றது. தோற்ற அணியின் பந்து வீச்சுச் சுமையைத் தாங்கியவர் பாலு. வயது 35, தோளில் வலி, ஆயினும் அப்பயணத்தில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 114. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட்டுகள். வெற்றி பெற்ற லெஸ்டர்ஷயர் ஆட்டத்தில் 11. சாமர்செட் அணியை ஒரே விக்கெட்டில் வென்றபோது சதமடித்து ஆட்டமிழக்காது நின்றவர் தம்பி சிவராம். அதே கோடையில், ஜூலை 29-ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் கால்பந்து அணியினர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலப் படைப்பிரிவை வென்று கேடயம் பெற்றனர். அவ்வெற்றியை நாடே அறியும். பாலுவின் 114 விக்கெட்டுகளை நம்முள் எத்தனை பேர் அறிவர்?

தாயகம் திரும்பிய அவருக்குப் பம்பாய்த் தாழ்த்தப்பட்ட மக்கள் வரவேற்பு அளித்தனர். அவ்விழாவின் வரவேற்பு மடலை வரைந்தவர் எல்பின்ஸ்டன் கல்லூரி மாணவராயிருந்த இளைஞர் அம்பேத்கர் என்பர்.

இத்தனைக்கும் பிறகு பாலுவுக்குத் தலைமை கிடைத்ததா? இல்லை. பத்தாண்டுக் காலம் உயர்சாதியினரே இந்து அணிக்குத் தலைவராயினர். தலைவராயிருந்த பை என்பவரே ஒரு பாராட்டுக் கூட்டத்தில், மூத்தவரான பாலுவுக்கே அப்பதவி உரியது என ஒப்புக்கொண்டார். அவர் நேர்மையாளர். 1920-இல் அந்தப் பை நோயுற்றபோது, பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். சிவராமையும் விட்டலையும் கடந்து தேவ்தர் என்பாருக்குத் தலைமை சென்றது. தம்பியர் இருவரும் சாதியின் பேரால் இழைக்கப்பட்ட அவமதிப்பு இது என வெளிப்படையாக அறிவித்து, ஆட மறுத்து விலகினர். நாம் மிகுதியும் போற்றுவது இந்த மறுப்பையே. நகரெங்கும் விவாதம் எழுந்தது. பார்சிகளோடு நடந்த இறுதியாட்டத்தில் தம்பியர் அணிக்குத் திரும்பினர். பாலு துணைத் தலைவரானார். பை வேண்டுமென்றே சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியேறி, பாலு அணியை நடத்த வழிசெய்தார். 44-ஆம் வயதில் அவருக்குக் கிடைத்த தலைமை அவ்வளவே. 1923-இல் விட்டல் முழுத் தலைவராகி ஐரோப்பியரை வென்றபோது, மக்கள் அவரைத் தோளில் சுமந்து சென்றனர்.

பாலுவின் அரசியல் நம்மவர் பலருக்கு உவப்பாயிராது. அதனை மறைத்து எழுத நமக்கு விருப்பமில்லை. 1932-இல் தனித்தொகுதிக் கோரிக்கையில் அவர் அண்ணல் அம்பேத்கரோடு மாறுபட்டு, சென்னை மாகாணத்து எம்.சி. ராஜாவின் பக்கம் நின்றார். பூனா ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். 1937-ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் அவரையே அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒருகாலத்தில் தாம் வரவேற்ற வீரரையே எதிர்த்து நிற்க நேர்ந்த நிலை அண்ணலுக்கும் எளிதாயிருந்திராது என்பது நம் கருத்து.

முதல்தர ஆட்டங்கள் 33-இல் 179 விக்கெட்டுகள் வீழ்த்திய பாலு, தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புச் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்ததைக் கண்டார். 1955-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் பம்பாயில் காலமானார்.