இரவில் ரத்தம் எடுப்பது ஏன்?

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் யானைக்கால் நோயைக் கண்டறிய, சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தது தாத்தா, பாட்டிக்குத் தெரிந்திருக்கும். ஏன் இரவில்?

விடை கண்டவர் பேட்ரிக் மேன்சன் (1844-1922). ஸ்காட்லாந்துக்காரரான இந்த டாக்டர், சீனாவின் அமாய் துறைமுகத்தில் வேலை பார்த்தார். நோயை உண்டாக்கும் புழு, கொசுவின் உடலில் வளர்வதை 1877-ல் கண்டார்.

நோயாளிகளின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்க இரண்டு உதவியாளர்களை வைத்தார். ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. இரவுக்காரருக்கே புழுக்குஞ்சுகள் ஏராளமாகக் கிடைத்தன! பகலில் அவை நுரையீரல் பக்கம் பதுங்கிவிடும். கொசு கடிக்கும் இரவு நேரத்தில்தான் தோலுக்கு அருகே வரும். பகலில் ரத்தம் எடுத்தால், நோய் உள்ளவருக்கும் இல்லை என்றே முடிவு வந்துவிடலாம்.

செத்த கொசு கிடந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று மேன்சன் நினைத்தது மட்டும் தப்பு. கொசுவின் உறிஞ்சுகுழலிலேயே புழு இருப்பதை 1900-ல் காட்டியவர், அவருடைய மாணவர் ஜார்ஜ் லோ.