துணிக்கடைச் சிறுவன் தந்த சீருடை

பல்லடத்தில் காலை 9 மணிக்கு வீதியைப் பார்த்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போவது தெரியும். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தி இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் தறிக்குடோன் சொந்தக்காரரின் மகன் இருப்பான். அதே குடோனில் கூலிக்குத் தறி ஓட்டுகிறவரின் மகனும் இருப்பான். யார் எவர் என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பிள்ளைகள் சீருடை அணிந்துதான் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா, கூடாதா? இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. இதற்கு விடை சொல்லும் ஒரு வாழ்க்கை உண்டு. அது காமராஜரின் வாழ்க்கை!

பிடி அரிசி

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந்தேதி பிறந்தார். பிறந்த ஊர் விருதுநகர். அப்போது அதற்கு விருதுபட்டி என்று பெயர். தந்தை குமாரசாமி நாடார். தாய் சிவகாமி அம்மாள்.

காமராஜர் படித்த பள்ளிக்கூடம் சத்திரிய வித்தியாசாலை. அது ஊரார் கூடி நடத்திய பள்ளிக்கூடம். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைப்பார்கள். அந்த அரிசியைச் சேர்த்து, அதில் கிடைத்த பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். ஊர்ப் பெண்களின் பிடி அரிசியால் காமராஜர் எழுத்து அறிந்தார்.

ஆனால் படிப்பு நீடிக்கவில்லை. காமராஜருக்கு ஆறு வயது ஆனபோது தந்தை இறந்துவிட்டார். தாயார் நகைகளை விற்றுக் குடும்பத்தை நடத்தினார். சில ஆண்டுகளில் காமராஜர் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார். மாமா கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

துணிக்கடையும் ஒரு பள்ளிக்கூடம்தான். யாரிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். பணம் உள்ளவர் மெல்லிய துணியைக் கேட்பார். இல்லாதவர் மலிவான துணியையும் இரண்டு முறை விலை கேட்டுவிட்டுப் போவார். உடுத்தும் துணி, மனிதர்களை மேல், கீழ் என்று பிரிக்கிறது!

முரட்டுக் கதர்

1919-ம் ஆண்டு பஞ்சாபில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. அந்தச் செய்தி இளைஞர் காமராஜரின் மனதைச் சுட்டது. அவர் காங்கிரசில் சேர்ந்தார். காந்தி அடிகளின் வழியைப் பின்பற்றிக் கதர் உடுத்தினார். மொத்தம் ஏறக்குறைய 9 ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

தமிழ்நாட்டில் கதருக்குப் பெயர் பெற்ற ஊர் திருப்பூர். அந்த நாளில் அது பல்லடம் தாலுகாவில் இருந்தது. பணக்காரத் தொண்டரும் கதர் உடுத்தினார். ஏழைத் தொண்டரும் கதர் உடுத்தினார். கூட்டத்தில் இருவரும் ஒன்றாகத் தெரிந்தார்கள். விடுதலைப் போர்வீரர்களுக்கு அதுவே சீருடை. காமராஜர் கடைசிவரை அதை மாற்றவில்லை.

பதவி வந்தது

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி காமராஜர் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரி ஆனார். தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி.சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்துக் கொங்கு நாட்டுக்காரர். போட்டியிட்டவர் என்று காமராஜர் அவரை ஒதுக்கவில்லை. கல்வி, நிதி இலாகாக்களை அவரிடமே கொடுத்தார்.

அப்போது தொடக்கப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டம் ஒன்று இருந்தது. 1953-ம் ஆண்டு வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள். மற்ற நேரத்தில் தகப்பனார் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி மக்கள் எதிர்த்தார்கள். நெசவாளி மகன் நெசவாளி, சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளி என்றே ஆகிவிடும் என்று அஞ்சினார்கள். 1954-ம் ஆண்டிலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

பள்ளிக்கூடத்தில் நுழையும் பிள்ளையிடம் தகப்பனார் தொழிலைத் தேடக் கூடாது. அந்தத் தீர்மானத்தில் இருந்துதான் பிறகு சீருடையும் வந்தது.

முதலில் சோறு

ஆனால் காமராஜர் முதலில் கொடுத்தது சீருடை அல்ல. சோறு!

பசித்த பிள்ளை ஆடு மேய்க்கப் போகும். பள்ளிக்கூடம் வராது. எனவே 1956-ம் ஆண்டு மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித் துறை இயக்குனர் நெ.து.சுந்தரவடிவேலு அதற்குத் துணையாக நின்றார். பல ஊர்களில் மக்களே அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். விருதுநகரின் பிடி அரிசி நாடு முழுவதும் பரவியது போல் ஆயிற்று.

அடுத்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் வந்தன. 1958-ம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் மாநாடு நடந்தது. தங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன தேவை என்று ஊராரே பார்த்தார்கள். ஒருவர் நிலம் கொடுத்தார். ஒருவர் பெஞ்சு கொடுத்தார். இன்னொருவர் கரும்பலகை கொடுத்தார். இப்படித்தான் பிள்ளைகளுக்குச் சீருடையும் வந்தது.

சாதியும் செல்வமும் பிள்ளைகளின் உடையில் தெரியக் கூடாது. ஒரே வரிசையில் உட்காரும் பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சீருடையின் நோக்கம் இதுவே.

கட்டாயமா?

சீருடை வேண்டாம் என்கிறவர்களின் பேச்சிலும் நியாயம் உண்டு. கூலிக்காரர் வீட்டில் ஒரு சட்டை வாங்குவதே பெரும்பாடு. பள்ளிக்கூடத்துக்கு என்று தனியாக வாங்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? கடன் வாங்குவார். முடியாவிட்டால் பிள்ளையை நிறுத்திவிடுவார். ஒரே ஒரு சீருடை இருந்தால், துவைத்துக் காயாத நாளில் பிள்ளை வீட்டிலேயே இருக்கும். வேற்றுமையைப் போக்க வந்த சட்டை, படிப்பையே போக்கிவிடும்!

அப்படியானால் ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் துணி கொடுத்தால் போதாதா? போதாது. லண்டனில் 1552-ம் ஆண்டு ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்கு நீல அங்கி கொடுத்தார்கள். சீருடையின் பழைய கதைகளில் அதுவும் ஒன்று. ஆனால் பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் சேர்ந்து படிக்கும் இடத்தில், ஏழைக்கு மட்டும் ஓர் உடை என்றால் அது ஏழை என்ற முத்திரை ஆகிவிடும்.

ஆகவே உடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாதவருக்கு அதை நாடு கொடுக்க வேண்டும். முதலில் கொடு, பிறகு கேள். காமராஜர் ஆட்சி காட்டிய வழி இதுதான்.

அவருக்குப் பின்

காமராஜர் 1963-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி கட்சிப் பணிக்காக முதல்-மந்திரி பதவியை விட்டு விலகினார். 1975-ம் ஆண்டு அதே அக்டோபர் 2-ந்தேதி காலமானார். அது காந்தி அடிகள் பிறந்த நாள். துணிக்கடையில் வேலை பார்த்தவர் விட்டுச் சென்றவை சில கதர் வேட்டிகள், சட்டைகள், கொஞ்சம் புத்தகங்கள். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா பட்டம் வழங்கப்பட்டது.

அவர் போட்ட பாதை நீண்டது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1985-ம் ஆண்டு, சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு அரசே இலவசச் சீருடை வழங்கும் திட்டம் வந்தது. 2012-ம் ஆண்டு முதல் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 4 ஜோடி ஆயிற்று. ஒன்றைத் துவைத்துப் போட்டால் மற்றொன்றை உடுத்தலாம். கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் அந்தத் துணியை நெய்கின்றன. பிள்ளைக்குச் சட்டை, நெசவாளிக்கு வேலை!

இருந்தாலும் ஒரு கடமை மீதி இருக்கிறது. சீருடை இல்லாமல் ஒரு நாள் ஒரு பிள்ளை வந்துவிடலாம். வாசலில் நிறுத்தி அதைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஏன் என்று விசாரிக்க வேண்டும். சட்டை இல்லை என்றால் சட்டை கொடுக்க வேண்டும். படிப்பை இழந்து துணிக்கடைக்குப் போன சிறுவன், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே அழைக்கத்தான் சீருடை கொடுத்தார். வெளியே தள்ளுவதற்கு அல்ல.