டாலண்ட்: தறியை விட்டுத் தொலைநோக்கிக்கு வந்தவர்

பழைய பித்தளைக் கைத்தொலைநோக்கிகளைச் சேகரிப்பவர்கள், குழாயின் மேல் ‘டாலண்ட், லண்டன்’ என்று பொறித்திருந்தால் விலையைப் பார்க்காமல் கையில் எடுப்பார்கள். அந்தப் பெயருக்கு உரிய ஜான் டாலண்ட், நாற்பத்தைந்து வயது தாண்டும் வரை பட்டு நெசவாளர்.

1706-இல் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பிறந்தார். மத அடக்குமுறைக்கு அஞ்சி பிரான்ஸிலிருந்து வந்து குடியேறிய புராட்டஸ்டன்ட் குடும்பம். தந்தை சீக்கிரமே இறந்துவிட, சிறுவயதிலேயே தறியில் உட்கார வேண்டியதாயிற்று. வேலை போக மீந்த நேரத்தில் கணிதமும் ஒளியியலும் தானாகவே படித்தார். மகன் பீட்டர் 1750-இல் மூக்குக்கண்ணாடி, தொலைநோக்கிக் கடை வைத்தார். இரண்டு வருடம் கழித்து அப்பா தறியை விட்டுவிட்டு மகன் கடையில் சேர்ந்தார். நம் வீடுகளில் இது தலைகீழாகத்தானே நடக்கும்!

அந்தக் காலத் தொலைநோக்கியில் பார்த்தால் எதைச் சுற்றியும் வண்ண விளிம்பு தெரியும். ஒற்றைக் கண்ணாடி வில்லை ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு அளவு வளைப்பதுதான் காரணம். விளிம்பைக் குறைக்கக் குழாயை நீட்டிக்கொண்டே போனார்கள். நூறடிக்கு மேலும் கட்டிப் பார்த்தவர்கள் உண்டு. இந்தக் குறைக்குத் தீர்வே இல்லை என்பது நியூட்டனின் முடிவு. டாலண்டும் முதலில் நியூட்டன் பக்கமே வாதாடினார். பிறகு முப்பட்டகங்களை வைத்துத் தானே சோதித்துப் பார்த்தார். நியூட்டன் சொன்னது சரியில்லை என்று கண்டார். க்ரௌன், ஃபிளின்ட் என்ற இரு வகைக் கண்ணாடிகளில் செய்த வில்லைகளைச் சேர்த்து வைத்தால் வண்ண விளிம்பு பெரிதும் மறைந்தது. 1758-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கமும் காப்புரிமையும் கிடைத்தன. குட்டையான, கையில் தூக்கிப்போகும் குழாயிலும் தெளிவாகப் பார்க்க முடிந்தது இதற்குப் பிறகுதான்.

1761-இல் மன்னருக்கு ஒளியியல் கருவி செய்பவராக நியமிக்கப்பட்டார். அதே வருடம் நவம்பரில் திடீரென இறந்துவிட்டார்.

வம்பு அதற்குப் பிறகு வந்தது. செஸ்டர் மூர் ஹால் என்ற வழக்கறிஞர், 1730-களிலேயே இதே மாதிரி வில்லையைச் செய்திருந்தார். ஆனால் அதை வெளியில் சொல்லவில்லை. காப்புரிமைப் பணம் கட்ட மறுத்த லண்டன் கடைக்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பீட்டர் வழக்குப் போட்டு 1766-இல் வென்றார். கண்டுபிடித்துப் பூட்டி வைத்தவரைவிட ஊருக்குக் கொண்டுவந்தவருக்கே உரிமை என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி சரிதான். என்றாலும் ஹாலின் பெயர் எந்தக் குழாயிலும் இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

இன்று சந்தைக்கு வரும் டாலண்ட் தொலைநோக்கிகளில் பெரும்பாலானவை ஜான் இறந்தபின் மகன் பீட்டரும், மகள் வயிற்றுப் பேரன் ஜார்ஜும் நடத்திய கடையில் செய்தவை. பெயருக்கு மவுசு வந்ததும் போலிகளும் வந்தன. வாங்குபவர்கள் முதலில் ஆங்கில எழுத்துகளை எண்ணிப் பார்ப்பார்கள்: ஐந்தாவது எழுத்து ‘ஓ’வாக இல்லாமல் ‘ஏ’வாக இருந்தால் சந்தேகம்தான். அடுத்து முன்பக்க வில்லையைத் திருகிக் கழற்றி, உள்ளே கண்ணாடி ஒன்றா, இரண்டா என்று பார்ப்பார்கள்.