இரத்தப் புற்றை எதிர்த்த எல்லாப்ரகட சுப்பாராவ்

நோயோடு மாந்தர் நடத்திவரும் போர் நெடியது. அப்போரில் படைக்கலம் வடித்துத் தந்தும் புகழை நாடாது மறைந்தவர் டாக்டர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று பிறந்தார். வறுமை சூழ்ந்த இளமை. மெட்ரிக்குலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். உடன்பிறந்தார் இருவரைக் குடல்நோய்க்குச் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார். அத்துயரே அவரை மருத்துவத்துறையில் உறுதியாக நிறுத்தியது.

மண்ணூர்பேட்டை மாணவர் நகரப் பேருந்திலேயே சென்று காணக்கூடிய சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பையேற்றுக் கதராடையில் அறுவைக்கூடம் புகுந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது.

மனந்தளராது அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பாருடன் ஆய்ந்து, தசைக்கு ஆற்றல் வழங்கும் பாஸ்போகிரியேட்டினை 1927-இல் வெளிப்படுத்தினார். அங்கும் நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940-இல் லெடர்லி ஆய்வகம் சேர்ந்தார். உடன்பிறந்தாரைக் கவர்ந்த குடல்நோயைத் தீர்க்கவல்ல ஃபோலிக் அமிலம் அவர் தலைமையில் அங்கே ஆக்கப்பெற்றது. யானைக்கால் நோய்க்கான மருந்தும் அக்கூடத்தில் பிறந்ததே.

உயிரணு பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதனைப் போன்ற தோற்றமும் மாறான செயலும் உடைய பொருளைப் புகுத்தினால் புற்றணுவின் பெருக்கம் தடைப்படும். இவ்வழியில் உருவான அமினோப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். நோய் சிலகாலம் தணிந்த செய்தி 1948-இல் வெளியாயிற்று. அதன் வழிவந்ததே மெதோட்ரெக்சேட்.

இன்று இரத்தப் புற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் செய்யப்படுகிறது. நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் 1980-களில் இது தொடங்கிற்று. பிறர் மஜ்ஜையிலிருந்து தோன்றும் அணுக்கள் நோயாளியின் உடலை அயலெனக் கருதித் தாக்குவதுண்டு. தோல், கல்லீரல், குடலோடு நுரையீரலும் அதற்குத் தப்புவதில்லை; நுண்ணிய மூச்சுக்குழல்கள் சுருங்கி மூச்சு முட்டும். இத்தாக்குதலைத் தடுக்க, மாற்றுக்குப் பின் முதல் நாட்களில் பிற மருந்துகளோடு சிறிதளவு மெதோட்ரெக்சேட் அளிக்கும் முறை நிலைபெற்றது. அம்மருந்தே சிலருக்கு நுரையீரல் அழற்சியை விளைவிப்பதால், இருமலையும் மூச்சுத்திணறலையும் மருத்துவர் விழிப்போடு நோக்குகின்றனர். ஒரு வாயில் திறந்தால் மறு வாயில் காத்திருப்பது மருத்துவத்தின் இயல்பு.

சுப்பாராவ் தாயகம் திரும்பாமலே 1948 ஆகஸ்டில் 53-ஆம் அகவையில் அமெரிக்காவில் மாரடைப்பால் மறைந்தார். நூற்றாண்டு நிறைந்த 1995-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. மாணவ நண்பர்களே! தேர்வில் தோல்வியும் சான்றிதழில் குறையும் அவர் அறிவுக்கு எல்லை வகுக்கவில்லை. தாழ்ந்த சான்று பெற்ற அம்மருத்துவரின் கொடை, அவர் பெயரறியாத நோயாளிகளின் உயிர்மூச்சை இன்றும் காத்து நிற்கின்றது.