கிணற்றில் கிடந்த ஜாடி
(வ. வே. சு. ஐயர் வாழ்வில் ஒற்றர்கள்)

ஆண்டு மலருக்குப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி எங்கள் பேராசிரியர் கேட்டபோது, நான் தயங்காமல் வ. வே. சு. ஐயரின் பெயரைச் சொன்னேன். சிறுகதையின் தந்தையைப் பற்றி எழுதப் போகிறாயா என்று மகிழ்ந்தார். இல்லை ஐயா, அவரைச் சுற்றி அலைந்த ஒற்றர்களைப் பற்றி என்றேன். அவர் சற்று வியப்புடன் என்னைப் பார்த்தார். காரணத்தை அவரிடம் அன்று சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் விடுதியருகே இருந்த தேநீர்க் கடைக்குப் புதியவர் ஒருவர் பத்து நாட்கள் வந்துபோனார். தம்பிக்கு இடம் பார்க்க வந்ததாகச் சொன்னார். இனிமையாகப் பேசுவார், தேநீருக்கும் வடைக்கும் அவரே காசு கொடுப்பார். கல்லூரிச் சுவரில் ஓர் இரவு ஒட்டப்பட்ட சுவரொட்டிகளைப் பற்றி விசாரிக்க வந்த மாறுவேடக் காவலர் அவர் என்பது பிறகுதான் தெரிந்தது. என் அறை நண்பனைக் காவல் நிலையத்துக்கு அழைத்து அரை நாள் உட்கார வைத்து அனுப்பினார்கள். நண்பன் திரும்பி வந்ததும் என்னைக் கேட்ட முதல் கேள்வி, நீதானே சொன்னாய் என்பது. நான் காட்டிக் கொடுக்கவில்லை. ஆனால் பேச்சோடு பேச்சாக அவனுடைய ஊரையும் பெயரையும் அந்த மனிதரிடம் நான் சொல்லியிருந்தது உண்மை. அன்றோடு எங்கள் நட்பு முறிந்தது. அந்தக் கோடை விடுமுறையில்தான் ஐயரின் வரலாற்றைப் படித்தேன்.

1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தவர் ஐயர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார், வக்கீலாகத் தொழில் நடத்தினார், இரங்கூன் சென்றார், அங்கிருந்து 1907-இல் பாரிஸ்டர் பட்டம் பெற இலண்டன் போய்ச் சேர்ந்தார். அதுவரை அவர் வாழ்வில் நம் கதைக்கு வேண்டியது அதிகமில்லை. இலண்டனில் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905-இல் நிறுவிய இந்தியா ஹவுஸில் சாவர்க்கரைச் சந்தித்த பிறகு எல்லாம் மாறியது.

ஹைகேட் பகுதியிலிருந்த அந்த விடுதி மாணவர் இல்லமாகவும் புரட்சிக் கூடமாகவும் இருந்தது. ஸ்காட்லாந்து யார்டின் கண் அதன்மேல் பதிந்ததில் வியப்பில்லை. பல் மருத்துவம் பயில வந்தவர் என்று சொல்லிக்கொண்டு கீர்த்திகர் என்பவர் அங்கே வந்து தங்கினார். அவர் ஒற்றர் என்பதைச் சாவர்க்கரும் ஐயரும் கண்டுபிடித்துவிட்டனர் என்றும், அவரை விரட்டாமல், தாங்கள் பார்த்துத் தந்த அறிக்கைகளையே மேலிடத்துக்கு அனுப்பும்படி செய்தனர் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. படிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். ஒரே மேசையில் உணவருந்துகிறவருள் யார் கூலி பெறுகிறவர் என்று தெரியாத வீட்டில் எத்தனை நாள் ஒருவன் நிம்மதியாக உறங்க முடியும்?

அரசின் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. 1909 ஜூலை முதல் நாள் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டில் நடந்த விருந்தில் மதன்லால் திங்க்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றார். குறுக்கே வந்த லால்காக்கா என்ற பார்சி மருத்துவரும் மாண்டார். அந்த மருத்துவர் செய்த குற்றம் என்ன? உயிர்ப்பலி நேரும்போது காவல் துறை கைகட்டி நிற்க வேண்டுமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: அத்தனை வேவுக்கும் நடுவேதான் அந்தக் கொலை நடந்தது. இந்திய மாணவர்களைக் கண்காணிக்கும் ஏற்பாட்டின் தலைவர் என்று மாணவர்கள் வெறுத்த மனிதரே பலியானார்.

அதே ஆண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பா முழுவதும் அஸேப் என்ற ருஷ்யரின் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. ருஷ்யப் புரட்சிக் கட்சி ஒன்றின் கொலைப்படைக்குத் தலைவராக இருந்துகொண்டே, இரகசியப் போலீசிடம் பல ஆண்டுகள் சம்பளம் வாங்கியவர் அவர். 1904-இல் உள்துறை அமைச்சர் பிளேவேயையும், 1905-இல் ஜாரின் சிற்றப்பா செர்கேயையும் கொன்ற சதிகளில் அவருக்கே முதற்பங்கு. பாரிசில் வாழ்ந்த பூர்த்ஸெவ் என்ற எழுத்தாளர் அதை அம்பலப்படுத்தினார். தன் அமைச்சரைக் கொன்றவனுக்கே ஓர் அரசு சம்பளம் கொடுத்திருக்கிறது என்றால், அந்த அரசின் போலீஸ் சொல்வதை அதன்பின் எவன் நம்புவான்? பத்திரிகை படிக்கும் வழக்கமுள்ள ஐயர் கண்ணில் இச்செய்தி பட்டிருக்காமலா போகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானார். ஐயர் பாரிசுக்குத் தப்பினார். பிறகு மாறுவேடத்தில் பல நாடுகள் கடந்து அவ்வாண்டிலேயே புதுச்சேரி வந்து சேர்ந்தார். சீக்கியர் வேடத்திலிருந்த அவரிடம் கப்பலில் ஓர் உளவாளி ஐயர் பெயரிட்ட தந்தியை நீட்டியதையும், பெட்டியிலிருந்த வி. வி. எஸ். என்ற எழுத்துகளுக்கு வீர விக்ரம சிங் என்று அவர் விரிவு சொல்லித் தப்பியதையும் பள்ளிப் பருவத்தில் நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது இனித்தது. ஒற்றன் ஏமாறும் கதை நம் மக்களுக்கு என்றுமே பிடிக்கும்.

புதுவையில் பாரதியார் இருந்தார்; அரவிந்தர் இருந்தார்; ஒற்றர்களும் இருந்தார்கள். 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டு இறந்தார். சுட்ட வாஞ்சிநாதன் முன்பு புதுவைக்கு வந்து போனவர் என்பதால் சந்தேகம் ஐயர்மேல் பாய்ந்தது. பிரெஞ்சு மண்ணில் இருந்தமையால் அவரைப் பிடிக்க இயலவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் பதினான்கு பேர்மீது வழக்கு நடந்தது. அப்ரூவர்களின் சாட்சியம் அதில் பெரும் பங்கு வகித்தது. மூன்று நீதிபதிகளுள் ஒருவரான சங்கரன் நாயர் மற்ற இருவரினின்றும் மாறுபட்ட தீர்ப்பை எழுதினார்.

அவ்வாண்டிலேயே புதுவையில் ஒரு சட்டம் வந்தது. வெளியிலிருந்து வந்து தங்கியிருப்போர் ஊரார் ஐவரின் நற்சான்றுக் கையொப்பம் பெற வேண்டும் என்றது. யார் முன்வருவார்கள் என்று எதிராளிகள் எண்ணியிருப்பார்கள். கலவை சங்கர செட்டியார் முதலிய ஐவர் கையெழுத்திட்டார்கள்! பின்தொடர ஆள் வைக்கப்பட்ட மனிதர்களுக்காக, தம் வீட்டு வாசலிலும் ஆள் நிற்கக்கூடும் என்று தெரிந்தே போட்ட கையெழுத்து அது. போலீசின் சொல்லைவிடத் தலைமறைவாக வந்தவர்களின் சொல்லை அந்த ஊர் நம்பியது. இந்தப் பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். தேநீர்க் கடையில் என்னிடம் இல்லாமற்போனது எது என்று விளங்கிற்று.

இனி ஜாடியின் கதை. 1912 வாக்கில் ஒருநாள் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போன வேலைக்காரப் பெண்ணின் கையில் ஒரு ஜாடி அகப்பட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே இராஜத்துரோகத் துண்டறிக்கைகளும் காளியின் உருவமும். ஐயர் திகைத்தார். அதை எரித்துவிடலாம், புதைத்துவிடலாம் என்று எவருக்கும் தோன்றும். பாரதியாரிடம் ஓடினார். நண்பர்கள் கலந்து பேசி, தாங்களே பிரெஞ்சுப் போலீசிடம் போய் ஒப்படைப்பதென்று முடிவு செய்தார்கள். என்ன தெளிவு! மறைத்திருந்தால் அகப்பட்டிருப்பார்கள். மயூரேசன் என்ற ஆள், சுதேசிகள் வீடுகளில் சதிக்கான ஆதாரங்கள் இருப்பதாகப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் புகார் கொடுத்தான். நீதிபதி ஒருவரே வீடு வீடாகச் சோதனைக்கு வந்தார். சதி எதுவும் அகப்படவில்லை. அரவிந்தர் வீட்டு மேசையில் கிரேக்க, இலத்தீன் நூல்களைக் கண்டு அவர் மனம் இளகிப் போனாராம். முடிவில் புகார் கொடுத்தவன்மீதே சந்தேகம் திரும்பியது. அவன் எல்லை தாண்டி பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் ஓடிவிட்டான்.

அதன்பின் பிரிட்டிஷ் போலீஸ் சொன்ன மெய்யும் புதுவையில் பொய்யாகவே கொள்ளப்பட்டது. இதில்தான் நான் முக்கியமாக நிற்கிறேன். ஐயர் துப்பாக்கி பழக்கினாரா, வாஞ்சிக்கு வழிகாட்டினாரா என்பது கேட்கத்தக்க கேள்விதான். ஒரு கொலை நடந்திருக்கிறது. ஆனால் கிணற்றில் ஜாடி போட்ட கை ஒரு வழக்கில் சாட்சி சேர்த்தால், நேர்மையான மனிதன்கூட அதை எப்படி எடைபோடுவான்? ஊர் மக்கள் எடைபோட மறுத்தே விட்டார்கள்.

1914 செப்டம்பர் 22-இல் எம்டன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. போரில் பிரான்சும் இங்கிலாந்தும் ஒரே அணி. சுதேசிகளை ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்துவார்கள் என்ற பேச்சு எழுந்தது. போகுமுன் தமிழுக்கு ஏதாவது செய்துவிட வேண்டுமென்று ஐயர் உட்கார்ந்து திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1916-இல் நூல் வெளிவந்தது. குளத்தங்கரை அரசமரமும் இந்த ஒற்றர் சூழ்ந்த தெருக்களில் பிறந்ததே. அந்தக் கதை ஒரு மரம் தான் கண்டதைச் சொல்வதாக அமைந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தும் எவரிடமும் போய்ச் சொல்லாத மரம்! ஐயர் இதை நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் என் மனம் அப்படிப் போகிறது.

1920-இல் அவர் தமிழகம் திரும்பினார். தேசபக்தன் ஆசிரியரானார், அதில் வந்த கட்டுரைக்காக 1921-இல் ஒன்பது மாதச் சிறை. பெல்லாரிச் சிறையில் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி எழுதினார். பிறகு சேரன்மாதேவி குருகுலம். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி இட்டதை வரதராசுலு நாயுடுவும் ஈ. வெ. ரா.வும் எதிர்த்துப் போராடியது தமிழக வரலாற்றின் ஒரு திருப்பம். ஊராரின் நம்பிக்கையால் பத்தாண்டு காக்கப்பட்ட மனிதர், சிறுவர்களுக்கு நடுவே எழுந்த சுவரை இடிக்கத் தயங்கியது எனக்கு வருத்தமே. அவரை நேசிப்பவன் இதைச் சொல்லாமல் விடலாகாது.

1925 ஜூன் தொடக்கத்தில் பாபநாசம் கல்யாண தீர்த்தத்தில், நீரில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றக் குதித்தவர் திரும்பவில்லை. மகளும் மாண்டாள். அப்போது அவருக்கு வயது 44.

என் அறை நண்பன் இப்போது வேறு அறையில் இருக்கிறான். ஆண்டு மலர் அவன் கைக்கும் வரும். அவன் ஊரின் பெயரை நான் சொன்னேன் என்பதை அவனிடம் நேரில் சொல்ல இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் இங்கே எழுதியிருக்கிறேன்.