பெர்லின் தங்கத்தைத் தவறவிட்ட கோபாலன்

சித்தூரும் திருப்பதியும் சென்னை மாகாணத்தில் இருந்த காலம் ஒன்று உண்டு. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறக்கும்வரை, ரஞ்சிப் போட்டியில் இப்பகுதி மக்களுக்கும் சென்னை அணிதான் சொந்த அணி. அந்த அணியின் வேகப்பந்து வீச்சாளர் எம்.ஜே. கோபாலன். கிரிக்கெட், ஆக்கி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர்.

வேலையும் ஆட்டமும்

செங்கற்பட்டு மாவட்டம் மொறப்பாக்கம் கிராமத்தில் 1909 ஜூன் 6-ந்தேதி பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் சென்னை திருவல்லிக்கேணியில் குடியேறியது. அங்கிருந்து சேப்பாக்கம் மைதானம் நடந்து போகும் தூரம்தான்.

பையனின் திறமையைக் கண்டுகொண்டவர், சென்னையில் ஆடிவந்த ஆங்கிலேயர் சி.பி. ஜான்ஸ்டன். பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் கோபாலனுக்கு வேலை கிடைக்கவும் அவரே வழி செய்தார். அந்தக் காலத்தில் ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. செல்வர்கள் ஆடலாம், ராஜாக்களின் ஆதரவு பெற்றவர்கள் ஆடலாம். மற்றவர்கள் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே! கோபாலனுக்கு மாதச் சம்பளம் வந்தது, ஆட்டமும் தொடர்ந்தது.

ஒரே ஒரு டெஸ்ட்

1934 ஜனவரியில் கல்கத்தாவில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணியை எதிர்த்து டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் சென்னையில் நடந்தது. சொந்த ஊர் மைதானம். ஆனால் அணியில் அவர் பெயர் இல்லை.

அதே ஆண்டு நவம்பர் 4-ந்தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதின. அந்தப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் கோபாலன். ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் வீழ்த்த, ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. சென்னை இன்னிங்ஸ் வெற்றி பெற்றது.

1935-ல் கையில் ஆக்கி மட்டை. தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் கோபாலனும் இருந்தார். அந்தப் பயணத்தில் இந்தியா 48 ஆட்டங்களில் 584 கோல் போட்டது.

இரண்டு அழைப்பு

1936-ல் சோதனை வந்தது. பெர்லினில் ஒலிம்பிக், அதே கோடையில் இங்கிலாந்தில் கிரிக்கெட் சுற்றுப்பயணம். ஆக்கி அணியில் கோபாலனுக்கு இடம் நிச்சயம் என்று பலரும் எண்ணினார்கள். இரண்டுக்கும் போக முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். விஜயநகரம் மகாராஜகுமார் தலைமையில் சென்ற அணியோடு கப்பல் ஏறினார்.

மூன்று டெஸ்ட் நடந்தன. சென்னையிலிருந்து சென்ற 40 வயது சி. ராமசாமிக்கு இரண்டு டெஸ்டில் இடம் கிடைத்தது. 27 வயது கோபாலனுக்கு ஒன்றில்கூடக் கிடைக்கவில்லை.

ஆகஸ்டு 15-ந்தேதி லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட் தொடங்கியது. ஆடும் 11 பேரில் கோபாலன் இல்லை. அன்றுதான் பெர்லினில் இந்திய ஆக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று தோற்கடித்துத் தங்கப்பதக்கம் வென்றது.

அழியாத பெயர்

இன்னொருவராக இருந்தால் மனம் உடைந்து ஆட்டத்தையே விட்டிருப்பார். கோபாலன் விடவில்லை. ஊர் திரும்பி மீண்டும் சென்னைக்குப் பந்து வீசினார். ரஞ்சிப் போட்டியில் சென்னை அணிக்குத் தலைமையும் ஏற்றார். அவரது கால் நூற்றாண்டு ஆட்டத்தைப் பாராட்டி, சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் போட்டி 1950-களில் ஏற்படுத்தப்பட்டது. அப்போது இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடையாது. 1981-ல் அந்தத் தகுதி கிடைக்கும்முன், இலங்கை வீரர்கள் பலருக்கு அது நல்ல பயிற்சிக் களமாக இருந்தது.

2003 டிசம்பர் 21-ந்தேதி, 94-வது வயதில், சென்னையில் கோபாலன் காலமானார். தங்கப்பதக்கம் அவர் கழுத்தில் ஏறவில்லை. டெஸ்ட் கணக்கும் ஒன்றோடு நின்றது. ஆனாலும் ரஞ்சிக் கோப்பையின் கதையை யார் எழுதத் தொடங்கினாலும், முதல் பந்துக்கு அவர் பெயரைத்தான் எழுதியாக வேண்டும்.