கல்பனா சாவ்லா (1962 – 2003)

மாணவர்களே, இந்தியாவின் ஹரியானா மாநிலத்திலுள்ள கர்னால் என்னும் ஊரிற் பிறந்தவர் கல்பனா சாவ்லா. பஞ்சாப் பொறியியற் கல்லூரியில் விமானப் பொறியியல் கற்று 1982 இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, 1988 இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று நாசா ஆய்வாளரானார். 1994 இல் விண்வெளி வீராங்கனையாகத் தெரிவானார்.

பரீட்சையில் பெரும்பாலும் இந்த ஆண்டுகளையே கேட்பார்கள். எனினும் 1997 நவம்பரை நீங்கள் கவனித்துப் படியுங்கள். கொலம்பியா விண்ணோடத்தில் அவர் மேற்கொண்ட முதற் பயணம் அது. இந்தியாவிற் பிறந்த பெண்ணொருவர் விண்வெளிக்குச் சென்றதும் அதுவே முதற்தடவை. இயந்திரக் கையினால் அவர் வெளியே விட்ட ஸ்பார்ட்டன் என்னும் செய்மதி இயங்கவில்லை. திரும்பப் பிடிக்க முயன்றபோது சுழலத் தொடங்கியது. சக வீரர் இருவர் விண்ணோடத்துக்கு வெளியே சென்று கைகளாலேயே அதைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பழி கல்பனா மீது விழுந்தது. ஐந்து மாத விசாரணையின் பின்னரே, மென்பொருளிலும் நடைமுறைகளிலும் இருந்த குறைபாடுகள்தான் காரணம் என்பது தெளிவாகி, அவர் மீதிருந்த பழி நீங்கியது.

இரண்டாம் பயணத்துக்கும் அவர் தெரிவானார். 2003 ஜனவரி 16 இல் கொலம்பியா புறப்பட்டபோது, எரிபொருட் தாங்கியிலிருந்து கழன்ற நுரைத்துண்டொன்று அதன் இடது இறக்கையைத் தாக்கிச் சேதப்படுத்தியது. பெப்ரவரி 1 இல், தரையிறங்க 16 நிமிடங்களே இருக்கையில் விண்ணோடம் வானிற் சிதறியது. கல்பனா உட்பட எழுவரும் உயிரிழந்தனர்.